பிள்ளைகளுக்குப் படம் தந்தவர்

நான் மூன்றாம் வகுப்பிற் படித்த காலத்தில் மாமா ஒருவர் எனக்கோர் இராமாயணக் கதைப் புத்தகம் வாங்கித் தந்தார். பக்கந்தோறும் படம் உண்டென்று அட்டையிற் போட்டிருந்தது. படங்கள் இருந்தனவென்பது உண்மையே. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் இன்னதென்று கண்டுகொள்ளத் தக்கதாய் இருக்கவில்லை. அநுமன் கடல் தாவும் படத்தைக் காணும் ஆவலோடு நான் புரட்டிய பக்கத்தில், மை அப்பிய ஒரு கருந்திட்டும் அதன் கீழே சில கோடுகளுமே காணப்பட்டன. திட்டாகத் தெரிவது அநுமனா, மகேந்திர மலையா என்று ஆச்சியிடம் கேட்டேன். ஆச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின்னர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கதையைத் தாமே சொல்லத் தொடங்கினார். அன்றிரவு ஆச்சியின் சொல்லில் நான் கண்ட அநுமனுக்கு வாலும் இருந்தது, முகமும் இருந்தது.

அப்புத்தகத்தை அச்சிட்டவர் இன்னாரென்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் பார்க்கும் புத்தகத்துக்கு இவ்வளவு போதுமென்ற எண்ணம் அவரொருவருக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியத் தொழிலிற் புகுந்து பல ஆண்டுகள் சென்றபின், வங்காளத்துப் பெரியார் ஒருவரின் வரலாற்றைப் படித்தேன். எனக்கு நேர்ந்த ஏமாற்றம், அதே இராமாயணத்தை முன்னிட்டு, எனக்கு வெகுகாலம் முன்னரே அவருக்கும் நேர்ந்திருந்தது. நான் அழுதுவிட்டு ஆச்சியின் மடியிற் படுத்துக்கொண்டேன். அவரோ இங்கிலாந்திலிருந்து யந்திரங்களை வருவித்தார்.

உபேந்திரகிசோர் ராய் சௌதுரி என்பது அவர் பெயர். உலகறிந்த திரைப்படக் கலைஞர் சத்தியஜித் ராயின் பாட்டனார் என்றே இக்காலத்தவர் அவரை அறிவர். பேரனின் புகழாற் பாட்டனை அறிவது தவறன்று. ஆனால் வங்காளத்துப் பிள்ளைகளைக் கேட்டால் முறையை மாற்றிச் சொல்லக்கூடும். அவர்களிற் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும்போதே பாட்டனாரின் கதைகளைத் தான் முதலிற் சந்திக்கிறார்கள்.

அவர் 1863ஆம் ஆண்டு மே மாதத்தில், மைமன்சிங் மாவட்டத்து மசூவா என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இன்று பங்களாதேஷில் இருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். தந்தையார் காளிநாத் ராய் வடமொழியோடு பாரசீகமும் அரபும் கற்றுத் தேர்ந்தவர். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது, ஆண் சந்ததியற்றிருந்த உறவினரான ஹரிகிசோர் என்னும் ஜமீன்தார் அவனைச் சுவீகாரம் எடுத்து, உபேந்திரகிசோர் என்று பெயரையும் மாற்றினார். ஆகவே ஐந்து வயதில் வீடும் மாறிற்று, பெயரும் மாறிற்று. பெற்ற குடும்பத்தோடு உறவு மட்டும் அறவில்லை. தமையனார் சாரதாரஞ்சன் வங்காளத்திற் கிரிக்கெட் விளையாட்டைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். இளைய சகோதரர்களான குலதாரஞ்சனும் பிரமதாரஞ்சனும் பிற்காலத்தில் அண்ணனின் சஞ்சிகைக்கு எழுதினார்கள்.

மைமன்சிங் பாடசாலையிற் படிக்கும்போதே அவருக்குச் சித்திரத்திலும் சங்கீதத்திலும் பித்து மிகுந்திருந்தது. ஒருநாள் வங்காளத்துத் துணைத் தேசாதிபதி சேர் ஆஷ்லி ஈடன் பாடசாலையைப் பார்க்க வந்தாராம். எல்லாரும் நிமிர்ந்திருக்க, ஒரு மாணவன் மட்டும் தலை குனிந்து கொப்பியில் ஏதோ செய்துகொண்டிருந்தான். வந்தவர் அருகிற் சென்று பார்த்தபோது, கொப்பியில் அவருடைய முகமே இருந்தது. ஆசிரியர்கள் நடுங்கினர். துரையோ பையனைத் தட்டிக்கொடுத்து, இவ்வித்தையைக் கைவிடாதே என்று சொல்லிப் போனார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. வகுப்பிற் படம் கீறும் மாணவனைக் காணும்போதெல்லாம் எனக்கு இக்கதை நினைவுக்கு வரும். ஆயினும் நானும் பலமுறை அடித்திருக்கிறேன்.

பாடசாலைப் படிப்பு முடிந்ததும் கல்கத்தா சென்றார். 1884இற் பட்டம் பெற்றார். அங்கே பிரம சமாசத்தில் ஈடுபாடு உண்டாயிற்று. ஆசாரம் மிகுந்த சுவீகாரக் குடும்பத்துக்கு அது உவப்பானதாக இருந்திருக்க முடியாது. சமூகச் சீர்திருத்தவாதியாகிய துவாரகாநாத் கங்கூலியின் மகள் விதுமுகியை மணந்தார். துவாரகாநாத்தின் இரண்டாம் மனைவி காதம்பினி, இந்தியாவிற் பட்டம் பெற்ற முதற் பெண்கள் இருவருள் ஒருவர். பின்னர் வைத்தியராய்த் தொழில் புரிந்தவர். இவர்கள் யாவரும் கோர்ன்வாலிஸ் வீதியில் 13ஆம் இலக்கப் பெருவீட்டிற் சேர்ந்து வாழ்ந்தனர். உபேந்திரகிசோருக்குப் பிள்ளைகள் அறுவர்: சுகலதா, சுகுமார், புண்ணியலதா, சுபினய், சாந்திலதா, சுபிமல். தந்தையார் படம் எழுதுவதையும் வயலின் வாசிப்பதையும், பழங்காலத்து விலங்குகளைப் பற்றிக் கதை சொல்வதையும் பார்த்தும் கேட்டுமே அவர்கள் வளர்ந்தார்கள். புண்ணியலதா முதுமையில் எழுதிய பால்ய நினைவுகள் அந்த வீட்டை நம் கண்முன் கொண்டுவருகின்றன. அவ்வீட்டில் விளையாட்டெது, கல்வியெதென்று பிரித்தறிவது கடினம்.

கல்லூரி மாணவனாயிருந்த 1883ஆம் ஆண்டிலேயே ‘சகா’ என்னும் சிறுவர் சஞ்சிகைக்கு எழுதத் தொடங்கினார். பின்னர் ‘சாதி’, ‘முகுல்’ முதலியவற்றிலும் எழுதினார். இவற்றுக்குப் பிறகு பிள்ளைகளுக்காக இராமாயணத்தை எளிய வங்காள உரைநடையில் எழுதிப் படங்களையும் தாமே வரைந்தார். இங்கேதான் நான் முதலிற் சொன்ன ஏமாற்றம் நேர்ந்தது. அக்காலத்துக் கல்கத்தாவிற் படத்தை அச்சேற்ற வேண்டுமாயின் மரக்கட்டையிற் செதுக்க வேண்டும். ஓவியன் தூரிகையால் மெல்லிய நிழல் தீட்டியிருப்பான். செதுக்குவோன் உளியாற் கோடு கிழிப்பான். ஓவியனின் கை போய்விடும்; செதுக்கியவனின் கையே எஞ்சும். புத்தகம் வெளிவந்தபோது தம் படங்கள் தமக்கே அடையாளம் தெரியாமற் கிடந்ததை உபேந்திரகிசோர் கண்டார்.

பிறர் இவ்விடத்தில் அச்சுக்கூடத்தாரை வைது அமைந்திருப்பர். அவர் நூல்களை வருவித்துப் படித்தார். ஐரோப்பாவில் ‘ஹாவ்டோன்’ என்றொரு முறை பரவிவந்தது. 1895இல் இங்கிலாந்திலிருந்து அதற்கு வேண்டிய கமராவையும் கருவிகளையும் வருவித்து, வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். கற்பிப்பதற்கு ஊரில் ஆளில்லை. புத்தகமும் சோதனையுமே குருவாயின.

அம்முறையைச் சிறிது விளக்காவிட்டால் அவருடைய பெருமை விளங்காது. அச்சு யந்திரத்துக்கு ஒரே மைதான் தெரியும். மை பட்டால் கறுப்பு, படாவிட்டால் வெள்ளை. இடைப்பட்ட சாம்பல் நிறத்தை அது அறியாது. புகைப்படத்திலோ, தூரிகை ஓவியத்திலோ கன்னத்தின் நிழலும் முகிலின் மங்கலும் அந்தச் சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன. இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிய கண்ணாடித் திரையொன்றைக் கமராவினுள்ளே, ஒளியேற்கும் தகட்டின் முன் நிறுத்துவார்கள். அதனூடாக வரும் படம் எண்ணற்ற புள்ளிகளாகப் பிரியும். நிழலுள்ள இடத்திற் புள்ளி பெருக்கும். வெளிச்சமுள்ள இடத்திற் சிறுக்கும். அதனைச் செப்பிலோ நாகத்திலோ பதித்து, அமிலத்தால் அரித்து, ‘புளொக்’ செய்வார்கள். பழைய பத்திரிகைப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவோர் இப்புள்ளிகளைக் காணலாம். கண்ணாடியை எடுத்துவிட்டாற் புள்ளிகள் மறையும், முகம் தோன்றும்.

சொல்ல எளிது. திரை தகட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், ஒளி புகும் துளை எவ்வடிவில் இருக்க வேண்டும் என்பன சிறிது பிசகினாலும் படம் கெடும். ஐரோப்பியத் தொழிலாளரிற் பெரும்பாலோர் அதனைக் கைப்பழக்கத்தால் ஊகித்துச் செய்துவந்தனர். உபேந்திரகிசோர் கணிதத்தாலும் ஒளியியலாலும் அதற்கு விதி காண முயன்றார். புள்ளி எவ்வாறு உண்டாகிறது, திரையைத் தானாகவே சரிசெய்வது எப்படி, கோடுகள் செங்கோணத்தில் வெட்டாமல் அறுபது பாகைக் கோணத்தில் வெட்டினால் என்ன பயன் என்பன பற்றி, இலண்டனில் அச்சுத் தொழிலாளர் போற்றிய பென்ரோஸ் ஆண்டு மலரில் 1897 முதல் 1912 வரை ஒன்பது கட்டுரைகள் எழுதினார். தொழில் பிறந்த நாட்டுக்குக் கல்கத்தாவின் ஒரு சந்திலிருந்து பாடம் சென்றது. அதற்கு மூலகாரணம் பிள்ளைகளின் இராமாயணப் படம் என்பதை நினைக்க எனக்கு இன்றும் உவகை பொங்குகிறது.

இத்தொழிற்கூடமே பின்னர் ‘யூ. ராய் அன்ட் சன்ஸ்’ என்ற பெயரால் வழங்கிற்று. இராமானந்த சட்டர்ஜியின் ‘பிரபாசி’, ‘மோடர்ண் ரிவியூ’ ஆகிய சஞ்சிகைகளில் வெளிவந்த ஓவியங்களுக்கு இங்கே அச்சுக்கட்டை செய்யப்பட்டது. நம்மவரான ஆனந்த குமாரசுவாமி இந்தியக் கலை பற்றி எழுதிவந்ததும் அதே ‘மோடர்ண் ரிவியூ’வில்தான். கொழும்பிற் பிறந்த அவரும் சகோதரி நிவேதிதையும் எழுதி, அவனீந்திரநாத தாகூரின் மேற்பார்வையில் ஓவியங்கள் தீட்டப்பெற்ற புராணக் கதைநூல் 1913இல் இலண்டனில் வெளியாயிற்று. படமும் பழங்கதையும் கைகோக்க வேண்டுமென்ற எண்ணம் அவ்வாண்டுகளில் ஒருவர் நெஞ்சில் மட்டும் எழவில்லை.

உபேந்திரகிசோரின் ஓவியத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. அவருடைய வர்ணப் புராணப் படங்கள் மேனாட்டு எண்ணெய் ஓவிய மரபைத் தழுவியவை. அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் என் மனத்தைக் கட்டவில்லை. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை, 1910இல் வெளிவந்த ‘துந்துனிர் பொய்’ என்னும் நூலிலுள்ள சிறு படங்களே. துந்துனி என்பது தையற்சிட்டு. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் அச்சிறு குருவி நம் வீட்டு வேலியோரத்திலும் உண்டு. நூலின் பெயர் ‘துந்துனியின் புத்தகம்’ என்று பொருள்படும்.

அக்கதைகள் அவர் கற்பித்தவை அல்ல. கிழக்கு வங்காளத்துச் சிற்றூர்களில், பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் சோறுண்ணாமலே உறங்கப் பார்ப்பார்கள். அவர்களை விழித்திருக்கச் செய்வதற்காக வீட்டுப் பெண்கள் சொல்லிவந்த கதைகள் அவை என்று முன்னுரையில் அவர் தெரிவிக்கிறார். இவ்விடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டேன். ஒரு கவளத்துக்கு ஒரு கதையாகச் சொல்லி உண்ணச் செய்த ஆச்சிமார் நம்முள் யாருக்கு இல்லை? அக்குரல்கள் அடுக்களையோடு மறைந்து போகாமல், பெண்கள் சொன்ன அதே எளிய பேச்சுநடையிலே, படத்தோடு, அச்சேறி நின்றன. ஐந்து வயதில் தாயின் வீட்டை விட்டுச் சென்ற பிள்ளை, ஐம்பதை நெருங்கும் வயதில் அவ்வூர்க் கதைகளைத் தேடித் தொகுத்தது தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை.

கதைகளில் ஒன்றை ஆசிரியர்கள் அவசியம் அறிய வேண்டும். ஒரு முதலைக்கு ஏழு குஞ்சுகள். அவற்றைப் படிப்பிப்பதற்காகப் பண்டிதராகிய நரியாரிடம் கொண்டுவந்து விடுகிறது. நரியார் நாளுக்கொரு மாணாக்கரைத் தின்றுவிடுகிறார். முதலை பார்க்க வரும்போது, எஞ்சியவற்றையே மீண்டும் மீண்டும் தூக்கிக் காட்டி ஏழென்று கணக்கு ஒப்பிக்கிறார். முதலை மகிழ்ந்து திரும்புகிறது. ஈற்றில் ஒரே குஞ்சை ஏழு முறை காட்டி, அதையும் தின்று முடிக்கிறார். இக்கதையை வகுப்பிற் சொல்லலாமா, கொடுமையானதன்றோ என்று நண்பரொருவர் என்னைக் கேட்டார். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் நடுங்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெட்கப்பட வேண்டியவர் பண்டிதரே. உபேந்திரகிசோர் பழங்கதையின் பற்களைப் பிடுங்காமல் அப்படியே தந்தார் என்பது அவர் பிள்ளைகளின் அறிவை மதித்ததற்குச் சான்று. பிற்காலத்துத் தொகுப்பாளர் சிலர் நரியைத் திருத்தி நல்லொழுக்கம் போதிக்க முயன்றதைப் பார்க்கும்போது, நரி மட்டுமன்றிக் கதையும் செத்துப் போனதையே காண்கிறேன்.

1913ஆம் ஆண்டு வங்காளப் புத்தாண்டோடு ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கினார். வங்காள மொழியிற் சந்தேஷ் என்றால் செய்தி. பாலிற் செய்யும் இனிப்புப் பண்டத்துக்கும் அதுவே பெயர். சிங்களத்துச் சந்தேச காவியங்களை அறிந்த நம் நாட்டவருக்கு முதற் பொருள் எளிதிற் புலப்படும். எழுதியவரும், படம் வரைந்தவரும், அச்சிட்டவரும், பதிப்பித்தவரும் அவரே. பழங்கதை, புராணம், விஞ்ஞானம், விடுகதை யாவும் அதில் இடம்பெற்றன. வர்ணப் படமும் இருந்தது. அந்தப் படத்தில் அநுமனையும் மலையையும் எந்தப் பிள்ளையும் வேறு பிரித்தறிந்திருப்பான்.

அதே ஆண்டில் மூத்த மகன் சுகுமார் இங்கிலாந்திலிருந்து திரும்பினார். அவர் இலண்டனிலும் மான்செஸ்டரிலும் புகைப்பட அச்சுக்கலையை முறையாகக் கற்றவர். தந்தையார் தாமே வரைந்து அமைத்த வீடு, கர்பார் வீதி 100ஆம் இலக்கத்தில் எழுந்தது. வீடும் அச்சுக்கூடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஆனால் அவ்வீட்டில் அவர் வாழ்ந்த காலம் மிகச் சிறிது. நீரிழிவு நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இன்சுலின் அறியப்படாத காலம் அது. அந்நிலையிலும் 1915இற் ‘சந்தேஷ்’ இதழில் கூபி, பாகா என்னும் இருவரின் கதையை எழுதினார். ஒருவன் பாடினால் ஊரார் ஓடுவர். மற்றவன் முழவு கொட்டினால் எஞ்சியோரும் ஓடுவர். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட இருவரும் காட்டிற் சந்திக்க, அவர்களுடைய பாட்டைக் கேட்டு மகிழ்ந்த பேய்கள் வரமளிக்கின்றன. வயலினும் பக்கவாத்தியமும் தேர்ந்து, வயலின் பயிற்சிக்கு நூலும் எழுதிய ஒருவர், சங்கீதம் வராத இருவரைக் கதாநாயகராக்கியது அவருடைய நல்லுள்ளத்தைக் காட்டுகிறது. அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள், 52 வயதில், உபேந்திரகிசோர் காலமானார்.

சுகுமார் சஞ்சிகையை ஏற்று நடத்தினார். தந்தையார் ஊரிலிருந்த கதைகளைத் தந்தார். மகன் எவ்வூரிலும் இல்லாத விலங்குகளைத் தந்தார். வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டி ஒரு பிராணி, கைக்குட்டை மாறிப் பூனையாகும் ஒரு கதை என்று அவர் கற்பனை ஓடிற்று. 1921இல் மகன் சத்தியஜித் பிறந்தான்; அவ்வாண்டிலேயே சுகுமாரைக் காலா ஆசார் என்னும் கொடிய காய்ச்சல் பற்றிற்று. அதற்கு மருந்து கண்ட உபேந்திரநாத் பிரமச்சாரி அதே நகரிலேதான் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆனால் சுகுமாருக்கு அது உதவவில்லை. படுக்கையிற் கிடந்தே தம் ‘ஆபோல் தாபோல்’ நூலுக்குப் படம் வரைந்து பக்கம் அமைத்தார். இரவீந்திரநாதர் நேரில் வந்து அவர் விரும்பிய பாடல்களைப் பாடிச் சென்றார். 1923 செப்டெம்பர் 10இல், 36 வயது நிறையுமுன், அவர் மறைந்தார். நூல் ஒன்பது நாள் கழித்து வெளிவந்தது.

பின்னர் நடந்ததை விரித்துரைக்க மனமில்லை. ‘சந்தேஷ்’ நின்றது, இடையில் இளைய மகன் சுபினய் சில காலம் எடுத்து நடத்தியும் நிலைக்கவில்லை. தொழிற்கூடம் கடனில் மூழ்கிற்று. யந்திரங்கள் போயின, வீடும் போயிற்று. கைம்பெண்ணான தாயோடு ஐந்தாறு வயதுச் சிறுவன் சத்தியஜித் மாமன் வீடு சென்றான். கர்பார் வீதி வீடு பிற்காலத்திற் பள்ளிக்கூடமாயிற்று.

அச்சிறுவன் பெரியவனானபின் தன் இளமை நினைவுகளை எழுதியிருக்கிறான். அச்சுக்கூடத்தில் வீசிய டர்பென்டைன் மணம் அவனுக்குக் கடைசிவரை மறக்கவில்லை. தான் கிறுக்கிய தாளைக் கொண்டுபோய், இதனைச் ‘சந்தேஷ்’ இதழிற் போட வேண்டுமென்று புளொக் செய்பவரிடம் கொடுப்பானாம். அவரும் தலையசைத்து வாங்கிக்கொண்டு, பையனைத் தூக்கிக் கமராவின் கண்ணாடியில் அது தலைகீழாகத் தெரிவதைக் காட்டுவாராம். பாட்டனாரை அவன் கண்டதில்லை. அவருடைய வர்ணங்களும் தூரிகைகளும் இருந்த மரப்பெட்டியொன்று மட்டும் அவன் கைக்கு வந்தது.

1961இற் சத்தியஜித், கவிஞர் சுபாஷ் முகோபாத்தியாயரோடு சேர்ந்து ‘சந்தேஷ்’ சஞ்சிகையை மீண்டும் தொடங்கினார். அட்டைப்படம் அவர் வரைந்தார். இதழை நிரப்ப வேண்டுமென்பதற்காகவே சிறுவர்க்குக் கதை எழுதவும் புகுந்தார். துப்பறியும் ஃபெலூதாவும் விஞ்ஞானி சங்குவும் அவ்வாறு பிறந்தவர்களே. பிரமதாரஞ்சனின் மகள் லீலா மஜும்தாரும், புண்ணியலதாவின் மகள் நளினி தாஸும் ஆசிரியர் குழுவிற் சேர்ந்தனர். பெரியப்பாவின், பாட்டனாரின் சஞ்சிகைக்குப் பெண்மக்கள் திரும்பி வந்தனர் என்க.

அக்காலத்திற் சத்தியஜித்தின் சிறு மகன், தந்தையின் படங்கள் யாவும் பெரியவர்களுக்கே உரியனவாக இருக்கின்றனவென்றும், தன்னைப் போன்றோர்க்கு ஒன்று எடுக்க வேண்டுமென்றும் கேட்டான். தந்தை பாட்டனாரின் கூபியையும் பாகாவையும் எடுத்துக்கொண்டார். படம் 1969இல் வெளியாயிற்று. பணம் போதாமையால் அதனைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்க நேர்ந்தது. நான் அதனைப் பிற்பட்டதொரு காலத்திற் கண்டேன். பேய்கள் ஆடின, கூபி பாடினான், அருகிலிருந்த பிள்ளைகள் கதிரையில் எழுந்து நின்றார்கள். கடைசிக் காட்சி வந்தபோது, அதுவரை சாம்பல் நிறமாயிருந்த திரை முழுவதும் திடீரென்று வர்ணமாயிற்று.